நர்சிங் ஹோமில் மருந்து மாறிப்போனால் யார் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்போவது தமிழ்நாட்டின் சிறு தனியார் மருத்துவமனைகளைப் பற்றி. கீழே மெடிக்கல்ஸ், மேலே வார்டு, பகலில் பெரிய டாக்டர், இரவில் ஒரு டியூட்டி டாக்டரும் ஒன்றிரண்டு சிஸ்டர்களும் என்று எல்லா ஊரிலும் இருக்கிற நர்சிங் ஹோம்கள். மருந்துத் தவறு நடந்த குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. முதியோர் இல்லம், ஹோம் நர்ஸ் பற்றியும் பிற்பகுதியில் உண்டு.

ஊசி போட்டதும் உடம்பு மோசமானது. அப்படியென்றால் தவறு நடந்தது என்றுதானே அர்த்தம்?

அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வர வேண்டாம். சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் சிலருக்கு ஒவ்வாமை வரும், பக்கவிளைவு வரும். 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மார்ட்டின் டிசோசா வழக்கு இதற்கு நல்ல உதாரணம். மும்பையில் சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்குக் கடுமையான கிருமித்தொற்று, அமிகாசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், அவருக்குக் காது கேட்காமல் போனது. தேசிய நுகர்வோர் ஆணையம் 4 லட்சம் ரூபாய் இழப்பீடு தந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உயிரைக் காப்பாற்ற அந்த மருந்து தேவைப்பட்டது, கெடுதல் வரும் என்று தெரிந்தும் டாக்டர் எடுத்த முடிவு நியாயமானது என்றது.

தவறு என்று சட்டத்தின் முன் நிற்பது வேறு வகை. எழுதிய மருந்து ஒன்று, ஏற்றியது வேறொன்று. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு எழுதியது உங்கள் அப்பாவுக்குப் போனது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று கேஸ் ஷீட்டின் (சிகிச்சைக் குறிப்பேடு) முதல் பக்கத்திலேயே இருந்தும் பென்சிலின் வகை மருந்தையே கொடுத்தது. நீர்த்து மெதுவாக ஏற்ற வேண்டிய பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் தள்ளியது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை தர வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தினமும் கொடுத்து, வாயெல்லாம் புண்ணாகி ரத்த அணுக்கள் குறைந்த பிறகு கவனித்தது.

இன்சுலினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலும் (மருந்துக் குப்பி) உண்டு, 100 யூனிட் உள்ள வயலும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. டாக்டர் 20 யூனிட் என்று எழுதியிருக்கிறார். 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-வது கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். இரவு பத்து மணிக்கு இது நடந்தால், சர்க்கரை இறங்கி மயங்கிய நோயாளி அயர்ந்து தூங்குகிறார் என்றுதான் கூட இருப்பவர் நினைப்பார். விடியற்காலையில் எழுப்பும்போது எழமாட்டார். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இன்சுலின் போடும்போது வயலையும் சிரிஞ்ச் மூடியையும் ஒருமுறை பாருங்கள். யாரும் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.

தவறு செய்தது நர்ஸ். மருத்துவமனையை எப்படிப் பிடிப்பது?

மருத்துவமனையைத்தான் பிடிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

1993 டிசம்பரில் ஸ்பிரிங் மெடோஸ் என்ற தனியார் மருத்துவமனையில் டைபாய்டு காய்ச்சலுக்காக ஒரு சிறுவனைச் சேர்த்தார்கள். நர்ஸ் வந்து லாரியாகோ என்ற மலேரியா மருந்து ஊசி வாங்கிவரச் சொன்னார். இதை வாய்வழியாகத் தர முடியாதா என்று அப்பா கேட்டார். டாக்டர் நரம்பில்தான் போடச் சொல்லியிருக்கிறார் என்று பதில் வந்தது. போட்டவுடனே பையன் அம்மா மடியிலேயே சாய்ந்தான். இதயம் நின்று, மூளை மீளமுடியாமல் பாதிக்கப்பட்டது. விசாரணையில் அந்த நர்ஸ் எந்த நர்சிங் கவுன்சிலிலும் பதிவு பெறாதவர் என்று தெரிந்தது. சிறுவனுக்கு 12.5 லட்சம், பெற்றோரின் மன வேதனைக்கு 5 லட்சம் என்று தேசிய ஆணையம் உத்தரவிட, 1998 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பு இரண்டு விஷயங்களை நிலைநாட்டியது. ஊழியரின் தவறுக்கு அவரை வேலைக்கு வைத்த மருத்துவமனை பதில் சொல்ல வேண்டும். நோயாளி மட்டுமல்லாமல், அவருக்காகப் பணம் கட்டிச் சேர்த்த பெற்றோரும் நுகர்வோரே. அவர்களும் தனியாக இழப்பீடு கேட்கலாம்.

நடைமுறையில் நான் பார்ப்பது என்னவென்றால், தவறு வெளியே தெரிந்த அன்றே அந்த சிஸ்டரை வேலையைவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். "அந்தப் பொண்ணு போயிடுச்சு சார், நடவடிக்கை எடுத்துட்டோம்" என்கிறார்கள். குடும்பமும் அதில் பாதி சமாதானமாகிவிடுகிறது. தகுதியில்லாதவரைக் குறைந்த சம்பளத்துக்கு வைத்தது யார், இருபது நோயாளிக்கு ஒரே ஆளை இரவு முழுவதும் விட்டது யார், கிறுக்கலாக மருந்துச் சீட்டு எழுதியது யார் என்ற கேள்விகள் அத்தோடு முடிந்துபோகின்றன. முடியவிடாதீர்கள்.

எந்த நர்ஸ், எந்த டாக்டர் என்றே தெரியவில்லையே?

தெரிய வேண்டியதில்லை. 2004-ல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிகிச்சை தந்த டாக்டரையோ நர்ஸையோ பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை என்பதற்காகப் புகாரைத் தள்ள முடியாது. உரிய கவனத்தோடு நடந்துகொண்டோம் என்று காட்டும் பொறுப்பு மருத்துவமனைக்கு. யார் டியூட்டியில் இருந்தார்கள் என்ற பட்டியல் அவர்களிடம்தானே இருக்கிறது?

தவறு நடந்ததாகச் சந்தேகம் வந்த அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நோயாளி. வேறு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டுமானால் மாற்றுங்கள். மாற்றும்போது கடைசியாகக் கொடுத்த மருந்துகளை எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். அடுத்த டாக்டருக்கு அது உயிர் காக்கும் தகவல்.

அடுத்தது தடயம். காலி ஆம்பியூல், வயல், மாத்திரை அட்டை, டிரிப்ஸ் பாட்டில், சிரிஞ்ச் எல்லாம் கொஞ்ச நேரத்தில் குப்பைக்குப் போய்விடும். படுக்கைக்குப் பக்கத்தில் கிடப்பவற்றை அப்படியே படம் எடுங்கள், பெயரும் பேட்ச் எண்ணும் தெரியும்படி. டிரக் சார்ட் என்று ஒரு தாள் கட்டில் அருகிலோ நர்ஸ் மேஜையிலோ இருக்கும். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, கொடுத்தவர் கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருக்கும் தாள் அது. அதைப் படம் எடுக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. மறுநாள் தரும் நகலில் புதிதாக ஒரு கையெழுத்து முளைத்திருந்தால் உங்கள் படம் பேசும். பார்மசி பில்களைப் பத்திரப்படுத்துங்கள். எந்த நாளில் எந்த மருந்து வாங்கினீர்கள் என்பதற்கு அவையே சாட்சி.

அன்று இரவே ஒரு தாளில் நடந்ததை மணி வாரியாக எழுதிவையுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் நினைவு குழம்பும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் பிடிப்பார்.

மரணம் நேர்ந்திருந்தால், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, பிரேதப் பரிசோதனை இல்லாமல் உடலை எடுத்துச் செல்ல வேண்டாம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, அரசு மருத்துவமனையில் பரிசோதனை கேளுங்கள். அடக்கமோ தகனமோ முடிந்த பிறகு எந்த மருந்து காரணம் என்று நிரூபிப்பது மிகவும் கடினம்.

கோபத்தில் கண்ணாடியை உடைப்பதும் டியூட்டி டாக்டரைக் கைநீட்டுவதும் கூடவே கூடாது. மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பிணையில் விட முடியாத குற்றம். நியாயம் கேட்க வேண்டிய குடும்பம் பிணை கேட்டு அலைய நேரிடும். அந்த டியூட்டி டாக்டரும் பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்த இளம் பிள்ளைதான்.

கேஸ் ஷீட் கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள்.

தர வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள்படி நோயாளியோ அவர் அதிகாரம் தந்த உறவினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும்.

வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். "கேஸ் ஷீட், டிரக் சார்ட், நர்ஸ் குறிப்புகள், ஆய்வக அறிக்கைகள், ஐ.சி.யூ. சார்ட், டிஸ்சார்ஜ் சம்மரி" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக "ரிப்போர்ட் வேண்டும்" என்று கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் கையில் தந்து அனுப்பிவிடுவார்கள். தர மறுத்தால் அந்த மறுப்பே பின்னால் உங்களுக்குச் சாதகமாகும். ஆவணத்தை மறைப்பதையே சேவைக் குறைபாடாக ஆணையங்கள் பார்க்கின்றன.

பில்லைத் தள்ளுபடி செய்கிறோம், ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள் என்கிறார்கள்.

அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "சிகிச்சையில் எங்களுக்கு முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். வார்டு கவுன்சிலர், சங்கத்துப் பெரியவர் என்று யாராவது நடுவில் உட்கார்ந்து பேசி முடிக்கப் பார்ப்பார்கள். உடலை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரத்தில் இருக்கும் குடும்பத்திடம் இப்படிக் கையெழுத்து வாங்குவது எனக்கு மன்னிக்க முடியாத செயலாகவே படுகிறது. போட்டுவிட்டீர்கள் என்றால் எல்லாம் போய்விட்டது என்றும் இல்லை. எந்தச் சூழ்நிலையில் வாங்கினார்கள் என்பதை எழுதிவைத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இழப்பீடு கேட்டு எங்கே போவது? வக்கீல் செலவு தாங்குமா?

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டணம் வாங்கும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போதுள்ள 2019 சட்டத்திலும் அது தொடர்கிறது; 2022-ல் அதை எதிர்த்துப் போன மனுவும் தள்ளுபடியானது.

பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு முடிவு செய்யாது; நீங்கள் மருத்துவமனைக்குக் கட்டிய தொகைதான் முடிவு செய்யும். 50 லட்சம் வரை மாவட்டம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநிலம், அதையும் தாண்டினால் டெல்லியிலுள்ள தேசிய ஆணையம். பில் 80 ஆயிரம், கேட்கும் இழப்பீடு 60 லட்சம் என்றாலும் மாவட்ட ஆணையமே. பில் 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. மதுரையில் சிகிச்சை, நீங்கள் குடியிருப்பது திருவள்ளூர் என்றால் திருவள்ளூரிலேயே தொடுக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, ஆனால் மருத்துவ வழக்கில் ஒருவர் உடன் இருப்பது நல்லது. வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம், தொலைபேசி 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு வருமான வரம்பே கிடையாது.

காலக்கெடு இரண்டு ஆண்டு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் மன்னிக்கலாம் என்று சட்டத்தில் இருந்தாலும் அதை நம்பி இருக்க வேண்டாம்.

காப்பீட்டில்தான் சேர்த்தோம், கையிலிருந்து எதுவும் கட்டவில்லை.

காப்பீட்டு நிறுவனம் கட்டினாலும் அது கட்டணம் பெற்ற சேவையே என்று சாந்தா தீர்ப்பு சொல்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் அந்தத் தீர்ப்பை முன்வைத்தே வாதாட வேண்டும். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைமீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. அங்கே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு அல்லது சிவில் வழக்கு.

வேறொரு டாக்டர் வந்து சாட்சி சொல்ல வேண்டுமா? எந்த டாக்டரும் வரமாட்டேன் என்கிறாரே.

எல்லா வழக்கிலும் தேவையில்லை. ஐதராபாத்தில் மலேரியா வந்த பெண்ணுக்கு டைபாய்டு சிகிச்சை தந்த வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லி, மாவட்ட நுகர்வோர் மன்றம் கொடுத்து மேல்முறையீட்டில் ரத்தான 2 லட்சத்தை மீட்டுத் தந்தது. சீட்டில் ஒரு பெயர், சார்ட்டில் வேறு பெயர் என்றால் அதைப் புரிந்துகொள்ள நிபுணர் எதற்கு? மருந்தின் அளவு சரியா, அந்த நோய்க்கு அந்த மருந்து பொருந்துமா என்ற கேள்வி வந்தால் மட்டும் நிபுணர் கருத்து அவசியமாகும். அப்போது அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து அறிக்கை வரவழைக்கும்படி ஆணையத்திடமே மனுப் போடலாம்.

போலீஸில் புகார் கொடுத்தால் டாக்டர் கைதாவாரா?

பெரும்பாலும் மாட்டார். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இது: குற்ற வழக்குக்குச் சாதாரண கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும். விசாரணை அதிகாரி வேறொரு தகுதியான டாக்டரின், கூடுமானால் அரசு டாக்டரின் கருத்தைப் பெற வேண்டும். வழக்கம்போலக் கைது செய்யக் கூடாது.

அலட்சியத்தால் மரணம் என்பது 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் வருகிறது. பொதுவாக ஐந்து ஆண்டு வரை சிறை. மருத்துவச் செயல்முறையின்போது நடந்தால், பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை. இந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டும். அவர் சொன்னதைக் கேட்டு ஊசி போட்ட நர்ஸுக்கு அந்தப் பிரிவின் எழுத்துப்படி ஐந்து ஆண்டு உச்சவரம்பு அப்படியே நிற்கிறது. இது அநியாயம் என்று நான் நினைக்கிறேன்.

குற்ற வழக்கில் விடுதலை என்றால் இழப்பீடும் இல்லை என்று பொருளில்லை. 1998-ல் கொல்கத்தாவில் தோல் நோய் கண்ட ஓர் இளம் பெண்ணுக்கு டெப்போ மெட்ரால் என்ற ஸ்டீராய்டு ஊசியை 80 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு முறை எழுதினார்கள், அவர் இறந்தார். டாக்டர்கள் குற்ற வழக்கில் தப்பினார்கள். ஆனால் இழப்பீட்டு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் வட்டி நீங்கலாகவே சுமார் 6 கோடி ரூபாய் வழங்கச் சொன்னது.

நமக்கும் கோடிக்கணக்கில் வருமா?

கொல்கத்தா வழக்கின் தொகை, அமெரிக்காவில் வாழ்ந்த அந்தப் பெண்ணின் அங்குள்ள வருமானம், கணவர் 15 ஆண்டு விடாமல் நடத்திய வழக்கு எல்லாம் சேர்ந்து வந்தது. பாதிக்கப்பட்டவரின் வயது, வருமானம், அவரை நம்பி இருப்பவர்கள், இனி ஆகும் மருத்துவச் செலவு, மன வேதனை இவற்றை வைத்தே கணக்கு. வயதான, வருமானமில்லாத அம்மாவுக்கு என்றால் தொகை குறைவாகவே வரும். அதற்காகப் புகார் செய்யாமல் விட வேண்டாம்.

மெடிக்கல்ஸில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

மருந்தாளுநர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டம். கடை மருத்துவமனையுடையது என்றால் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதுங்கள். உரிமத்தில் கைவைக்கும் அதிகாரம் அவர்களிடம்.

இழப்பீடு வேண்டாம், இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது. யாரிடம் சொல்வது?

மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி (1997, திருத்தம் 2018) ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும் அங்கே பதிவு பெற வேண்டும். "இங்கே இரவுப் பணியில் இருப்பவர்கள் பதிவு பெற்ற நர்ஸ்களா என்று ஆய்வு செய்யுங்கள்" என்று குறிப்பாகக் கேளுங்கள். டாக்டர்மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், நர்ஸ்மீது தமிழ்நாடு செவிலியர் கவுன்சில். அங்கே பணம் கிடைக்காது. பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க முடியும். மருந்தின் பக்கவிளைவு என்று தோன்றினால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம்.

அப்பா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அங்கே மாத்திரை மாறினால்?

மாதக் கட்டணம் வாங்கும் இல்லமும், ஹோம் நர்ஸ் அனுப்பும் நிறுவனமும் சேவை தருபவர்களே. அதே நுகர்வோர் சட்டம். சிக்கல் நிரூபிப்பதில். பல இல்லங்களில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் பயிற்சி இல்லாத ஆயாம்மா. எழுதிவைக்கும் வழக்கமும் இல்லை. சேர்க்கும்போதே மாத்திரைப் பட்டியலை டாக்டர் கையெழுத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தினசரி மருந்துத் தாள் வைக்கச் சொல்லி, பார்க்கப் போகும்போதெல்லாம் அதைப் படம் எடுங்கள். மீதி மாத்திரையை எண்ணிப் பாருங்கள். 30 நாள் அட்டையில் 20-ஆம் நாள் 16 மாத்திரை இருந்தால் ஆறு வேளை தவறியிருக்கிறது. முதியோருக்கான உதவி எண் 14567.

நான் ஒரு நர்ஸ். என் கையால் தவறு நடந்துவிட்டது. என்ன செய்வது?

உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாளிக்கு முறிவு மருந்து தர நேரம் இருக்கும்போதே சொன்னால் உயிர் பிழைக்கலாம். சார்ட்டில் கொடுத்ததைக் கொடுத்தபடி, உண்மையான நேரத்தோடு எழுதுங்கள். அடித்துத் திருத்தச் சொல்லி யார் சொன்னாலும் செய்யாதீர்கள். திருத்தியது தெரிந்தால் தவறு மோசடியாக மாறிவிடும், கையெழுத்து உங்களுடையது. டாக்டர் போனில் சொன்ன மருந்து என்றால் யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்பதை எழுதி, அவர் வந்ததும் கையெழுத்து வாங்குங்கள். அன்றிரவு எத்தனை நோயாளிகளை எத்தனை பேர் பார்த்தீர்கள், எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தீர்கள் என்பதையும் நடந்த சம்பவ அறிக்கையில் சேர்த்து, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். நாளை உங்களை மட்டும் முன்னால் தள்ளினால், நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டும் என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்த நகல் மட்டுமே.